பதிவேடா, பேட்ஜா, கேமராவா? வார்டில் யார் யாரோடு இருந்தார்கள் என்று எதைக் கேட்பது

குழந்தைகள் வார்டு, ஏழாம் நம்பர் கட்டில். ஞாயிறு இரவு காய்ச்சல், இருமல் என்று சேர்ந்த பிள்ளைக்கு செவ்வாய் காலை காதுக்குப் பின்னால் சிவப்பாகத் தடித்திருந்தது. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். கன்னத்தின் உள்பக்கம் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். தட்டம்மை. பத்து நிமிடத்தில் என் மேசையில் போன் அடித்தது. "சிஸ்டர், லிஸ்ட் போடணும்."

தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த இரண்டு வார்த்தை போதும். அந்தப் பிள்ளையோடு ஒரே காற்றைச் சுவாசித்தவர்கள் யார் யார் என்று எழுத வேண்டும். தட்டம்மைக் கிருமி, நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் இருக்கும். தடுப்பூசி போடாதவர்களுக்குத் தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. ஞாயிறு இரவிலிருந்து கணக்கு வைத்தால் புதன் இரவோடு கெடு முடிகிறது.

டியூட்டி ரோஸ்டர், கேஸ் ஷீட், அட்மிஷன் பதிவேடு, எக்ஸ்ரே அறையின் நோட்டு என்று எல்லாவற்றையும் பரப்பி வைத்து மாலைக்குள் லிஸ்ட் போட்டுவிட்டோம். நல்ல லிஸ்ட்தான். ஆனால் புதன் மதியம் பதினோராம் கட்டில் பாட்டி தானாகவே வந்து நின்றார். "ஏம்மா, எம்பேரனுக்கு ஊசி இல்லையா? ஞாயித்துக்கிழமை ராத்திரி நான் இவன இடுப்புல வச்சுக்கிட்டு அந்தக் கட்டில்லதானே உக்காந்திருந்தேன்? அந்தப் புள்ள எங்க ஊருக்காரங்க புள்ள." பேரனுக்கு எட்டு மாதம். முதல் தட்டம்மை ஊசிக்கான ஒன்பது மாதம் இன்னும் ஆகவில்லை. காய்ச்சலுக்குச் சேர்ந்தவனும் இல்லை; அவன் அக்காதான் நோயாளி, இவன் சும்மா பாட்டியோடு வந்தவன். எங்கள் ஏட்டில் அப்படி ஒரு குழந்தையே கிடையாது. நல்ல வேளையாக இந்த மாதிரி சமயத்தில் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கே ஊசி போடலாம். போட்டோம்.

அதற்கு அடுத்த மாதம்தான் நிர்வாகம் இந்தப் பேச்சை எடுத்தது. ஒரு விற்பனைப் பிரதிநிதி தீப்பெட்டி அளவு பேட்ஜ் ஒன்றை மேசையில் வைத்து, "இதை எல்லோர் கழுத்திலும் மாட்டிவிடுங்கள் மேடம், லிஸ்ட் ஒரே பட்டனில் வந்துவிடும்" என்றார். அப்புறம் இன்னொருவர் வந்தார், வேறு ஒரு பேட்ஜோடு. எதை வாங்குவது என்று எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. இருநூறு படுக்கைக்குள் இருக்கும் எங்களைப் போன்ற மருத்துவமனைகளில் இதே கேள்வி வேறு யாருக்காவது வந்திருக்கும் என்பதால், நான் படித்ததையும் பார்த்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கருவிகள் எல்லாமே ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. சில, "யார் எந்த அறையில் இருந்தார்" என்று சொல்லும். சில, "யார் யாருக்கு எதிரே எவ்வளவு நேரம் நின்றார்" என்று சொல்லும். எங்களுக்கு வேண்டியது எது என்பது நோயைப் பொறுத்தது. தட்டம்மை, சின்னம்மை, காசநோய் போன்றவற்றுக்கு அறைதான் கணக்கு. மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவருக்கும் பரவலாம். கக்குவான் இருமலுக்கு முகத்துக்கு முகம் இருந்த நேரம் முக்கியம். மருந்துக்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸ் மாதிரியான கிருமிகளுக்குக் கை, கட்டில் கம்பி, ஸ்டெதாஸ்கோப். பேட்ஜ் விற்பவர் யாரும் இதை முதலில் சொல்வதில்லை.

ஏட்டை நம்பினால்

இப்போது நாம் எல்லோரும் செய்வது இதுதான்: ரோஸ்டர், கேஸ் ஷீட், ஆட்களைக் கேட்டு விசாரிப்பது. தனியாகச் செலவு இல்லை என்று தோன்றும். ஆனால் ஒரு தட்டம்மைக்கு இரண்டு பேர் ஒரு முழுநாள் உட்கார்ந்தோம், அதுவும் செலவுதான்.

ஏடு எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு விடும் என்பதற்கு சிங்கப்பூரில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. அங்கே தேசியத் தொற்றுநோய் மையம் 330 படுக்கைகளோடு 2019-ல் வந்தது. 2003-ல் சார்ஸ் கொடுத்த பாடம் அந்தக் கட்டடத்தில் தெரியும். ஊழியர்களின் பேட்ஜை வைத்து யார் எங்கே இருக்கிறார் என்று கண்டறியும் வசதி அங்கே உண்டு. 2020-ல் கொரோனா வந்தபோது இரண்டு நாளை எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தார்கள். 17 நோயாளிகள், 162 ஊழியர்கள். யார் யாரைத் தொடர்புகொண்டார்கள் என்று கணினி மருத்துவப் பதிவேட்டை வைத்து ஒரு லிஸ்ட், பேட்ஜை வைத்து ஒரு லிஸ்ட். இரண்டையும் ஊழியர்கள் தாங்களே சொன்னதோடு ஒப்பிட்டார்கள்.

ஊழியர்கள் "ஆமாம், போனேன்" என்று சொன்ன தொடர்புகளில் பதிவேடு பிடித்தது 47.2 சதவீதம். பேட்ஜ் பிடித்தது 72.2 சதவீதம். "போகவில்லை" என்று சொன்னவர்களைச் சரியாக ஒதுக்கியதிலும் பேட்ஜ் முந்தியது: 87.7 சதவீதம்; பதிவேடு 77.9.

பதிவேடு பாதியைக் கூடப் பிடிக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஊசி போட்டவர் ஒருவர், கம்ப்யூட்டரில் ஏற்றுபவர் வேறொருவர் என்பது எந்த வார்டிலும் நடப்பது. ரவுண்ட்ஸில் ஆறு பேர் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள், குறிப்பில் ஒரே ஒரு டாக்டரின் பெயர் இருக்கும். டிரிப் தீர்ந்து மணி அடிக்கும்போது அந்தப் பக்கம் போகிற யாரோ ஒரு சிஸ்டர் நிறுத்திவிட்டுப் போவார். அது எங்கே எழுதப்படும்?

என்னை யோசிக்க வைத்தது அடுத்த எண். இரண்டு லிஸ்டையும் சேர்த்து, எதில் பெயர் வந்தாலும் எடுத்துக்கொண்டால் பிடிப்பது 77.8 சதவீதம் ஆகிறது. ஆனால் தேவையில்லாமல் மாட்டுபவர்களும் கூடுகிறார்கள். சரியாக ஒதுக்குவது 73.4-க்கு இறங்குகிறது. பேட்ஜில் வராத 99 தொடர்புகளைப் பதிவேடு காட்டியது, பதிவேட்டில் வராத 54-ஐ பேட்ஜ் காட்டியது. ஆகவே பேட்ஜ் வாங்கினால் நோட்டைத் தூக்கிப் போடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்னொன்று: உண்மை என்று எடுத்துக்கொண்டது ஊழியர்களின் ஞாபகத்தை. இரவு டியூட்டி முடித்தவரின் ஞாபகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அறையைச் சொல்லும் கருவிகள்

இதில் இரண்டு வகை எங்களிடம் வந்தன. ஒன்று ஆர்.எஃப்.ஐ.டி. சுங்கச்சாவடியில் வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் அதே குடும்பம்தான். அட்டையில் பேட்டரி கிடையாது. வாசலில் இருக்கும் ரீடர் அனுப்பும் அலையையே தின்று, "நான் இன்னார்" என்று திருப்பிச் சொல்லும். மலிவு, பராமரிப்பும் இல்லை. சிக்கல் என்னவென்றால் வாசலைத் தாண்டியதுதான் தெரியும். உள்ளே போனவர் எப்போது வெளியே வந்தார் என்பது, வெளியே வரும்போது ரீடர் சரியாகப் படித்தால்தான் தெரியும். அட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு தொங்கினால் படிக்காமலே போகலாம். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், அது ரேடியோ அலையைக் குடித்துவிடும்.

அப்படிப்பட்ட வசதியை வைத்தே அமெரிக்காவின் மேயோ கிளினிக் அவசரப் பிரிவில் ஒரு முயற்சி செய்தார்கள். கக்குவான் இருமல் நோயாளிகள் வந்து போன பிறகு, மருத்துவப் பதிவேட்டை மட்டும் வைத்து ஒரு லிஸ்ட், இருப்பிடக் கருவியையும் வைத்து ஒரு லிஸ்ட். கருவியைச் சேர்த்ததும் தொடர்பில் வந்திருக்கக்கூடியவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கானது. 2017-ல் வெளியான ஆய்வு இது. அவசரப் பிரிவைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே யாரும் ஒரு இடத்தில் நிற்பதில்லை.

இன்னொரு வகை அகச்சிவப்பு. டிவி ரிமோட்டில் இருப்பதே. இதன் அழகு, சுவரைத் தாண்டாது. அடுத்த அறையில் இருப்பவரை இந்த அறையில் இருப்பதாகக் காட்டவே காட்டாது. புளூடூத்தின் பெரிய தலைவலி இதில் இல்லை. ஆனால் எங்கள் வார்டில் சோதித்தபோது வேறு ஒன்று தெரிந்தது. பாதுகாப்புக்காக மேலே ஏப்ரன் போட்டதும் பேட்ஜ் மறைந்துவிடுகிறது. மறைந்தால் ஆள் காணாமல் போகிறார். தொற்றுள்ள நோயாளியிடம் போகும்போதுதான் ஏப்ரன் போடுவோம். பார்க்க வேண்டிய நேரத்தில் பார்த்து கண்ணை மூடிக்கொள்ளும் கருவி! ஏப்ரனுக்கு மேலே மாட்டலாம் என்றார் பிரதிநிதி. மாட்டலாம்தான், ஆனால் அதையும் ஒவ்வொரு முறையும் துடைத்துக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். இரவு மூன்று மணிக்கு யார் செய்வது? அதுபோல, இரண்டு கட்டிலுக்கு நடுவே இழுத்துவிட்ட திரை அகச்சிவப்பை மறைக்கும். கிருமிக்குத் திரையாவது மண்ணாவது.

முகத்துக்கு முகம்

ஆய்வாளர்கள் பயன்படுத்திய ஒரு வகை பேட்ஜ் இருக்கிறது. மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். வேண்டுமென்றே அலையின் வலிமையைக் குறைத்து வைத்திருப்பார்கள். இரண்டு பேர் ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள் எதிரெதிரே நின்றால் மட்டும் இரண்டு பேட்ஜும் பேசிக்கொள்ளும். முதுகைக் காட்டினால் உடம்பே சுவர் ஆகிவிடும். மேலே குறையாகச் சொன்ன தண்ணீர் விஷயத்தை இவர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். 20 நொடிக்கு ஒரு தரம் கணக்கெடுப்பு.

இதை 2009 நவம்பரில் ரோமில் பம்பினோ ஜேசு குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு வாரம் மாட்டிப் பார்த்தார்கள். 119 பேர். அதில் எனக்குப் பிடித்தது: ஊழியர்களுக்கும் நோயாளிகளுக்கும் மட்டுமல்லாமல், பிள்ளைகளோடு இருந்த பெற்றோருக்கும் கொடுத்தார்கள். பாட்டிகளுக்கு இடம் கொடுத்த ஆய்வு.

அடுத்த ஆண்டு டிசம்பரில் பிரான்சின் லியோன் நகரத்தில் முதியோர் வார்டு ஒன்றில், 46 ஊழியர்கள், 29 நோயாளிகள். நான்கு பகல், நான்கு இரவில் 14,037 தொடர்புகள் பதிவாயின. அவற்றில் 38 சதவீதம் ஊழியர்களுக்குள்ளேயே நடந்தவை. நோயாளி சம்பந்தப்பட்ட தொடர்புகளில் 42 சதவீதத்தை வெறும் ஆறு ஊழியர்களே செய்திருந்தார்கள்.

இந்த இரண்டு எண்களையும் எங்கள் கூட்டத்தில் வாசித்தேன். சற்று நேரம் பேச்சில்லை. நாங்கள் லிஸ்ட் போடும்போது நோயாளியிடம் இருந்து ஊழியர், ஊழியரிடம் இருந்து நோயாளி என்றுதான் கோடு போடுகிறோம். டியூட்டி மாறும்போது நர்சிங் ஸ்டேஷனில் ஆறு பேர் ஒரே நோட்டைக் குனிந்து பார்ப்பதை, ஓய்வறையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு முழங்கால் இடிக்க உட்கார்வதை யாரும் எழுதுவதில்லை. லியோனின் அந்த ஆறு ஊழியர்களைப் போன்றவர்கள் யார் என்று எங்கள் வார்டில் கேட்டால் பேட்ஜ் இல்லாமலே சொல்லிவிடலாம். எந்தக் கட்டிலில் கூப்பிட்டாலும் ஓடும் இரண்டு சிஸ்டர்கள், ஒரு ஆயாம்மா. தொற்று வந்தால் முதலில் பரிசோதிக்க வேண்டியவர்கள் அவர்கள் என்பதைச் சொல்ல லியோன்வரை போக வேண்டியிருந்தது.

பிரான்சிலேயே பெர்க்-சுர்-மேர் என்ற ஊரில் நீண்டகாலச் சிகிச்சை மருத்துவமனை ஒன்றில் 2009-ல் மாதக்கணக்கில் இதைச் செய்தார்கள். 329 நோயாளிகளும் 261 ஊழியர்களும் சென்சார் அணிந்தார்கள். கூடவே வாராவாரம் மூக்கில் சளி மாதிரி எடுத்து ஸ்டஃபைலோகாக்கஸ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். கிருமி போன வழியும் பேட்ஜ் காட்டிய அருகாமையும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு ஒத்துப்போயின. அருகில் இருந்ததை அளப்பது வெறும் விளையாட்டு அல்ல என்பதற்கு நான் பார்த்தவரை இதுதான் நல்ல சான்று.

சரி, அப்படியானால் இதையே வாங்கலாமே? ஆய்வு நடந்த நாட்களில் ஆய்வாளர்கள் பக்கத்தில் இருந்தார்கள். வாங்கிய பிறகு யாரும் இருக்க மாட்டார்கள். தட்டம்மைக்கு இது உதவவும் உதவாது. பிள்ளை எக்ஸ்ரேக்குப் போய்விட்ட அரை மணி நேரம் கழித்து அந்தக் கட்டிலில் வந்து உட்கார்ந்தவரை முகத்துக்கு முகம் பார்க்கும் பேட்ஜ் பார்க்காது. அந்த இருவரும் சந்திக்கவே இல்லையே.

புளூடூத், அது போனில் இருந்தாலும் பேட்ஜில் இருந்தாலும்

"எல்லோரிடமும் போன் இருக்கிறது, ஆப் போட்டால் போதாதா?" என்று எங்கள் கணக்குப் பிரிவு கேட்டது. கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆரோக்கிய சேது 2020 ஏப்ரலில் வந்ததை மறந்திருக்க மாட்டார்கள்.

புளூடூத் தூரத்தை அளப்பதில்லை. சத்தத்தை வைத்துத் தூரத்தை ஊகிப்பது போல, அலையின் வலுவை வைத்து ஊகிக்கிறது. போன் பின்பாக்கெட்டில் இருந்தால் ஒரு வலு, கையில் இருந்தால் வேறு. இரும்புக் கட்டில், ஆக்சிஜன் சிலிண்டர், மருந்து டிராலி எல்லாம் அலையைத் திருப்பியடிக்கும். டப்ளினில் டிரினிட்டி கல்லூரிக்காரர்கள் 2020-ல் ஒரு டிராம் வண்டியில் சோதித்தார்கள். அன்று சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆப்கள் வைத்திருந்த விதிகளை அந்த அளவுகளில் போட்டுப் பார்த்தபோது, இரண்டு மீட்டருக்குள் இருந்த ஒரு ஜோடியைக்கூட அவை பிடிக்கவில்லை. இத்தாலியின் விதி பாதியைப் பிடித்தது, ஆனால் தள்ளி இருந்தவர்களிலும் பாதியைப் பிடித்தது. அதற்குக் காசைச் சுண்டிப் பார்த்துவிடலாம். டிராமும் எங்கள் வார்டும் ஒன்றுதான்: இரும்பால் செய்த நெரிசல்.

இங்கிலாந்தில் அரசு ஆப்பிலேயே தொடர்பறிதலை நிறுத்திவைக்கும் பட்டன் இருந்தது. பாதுகாப்பு உடையில் வேலை பார்க்கும் மருத்துவ ஊழியர்கள் டியூட்டியில் அதை அழுத்திவைக்க வேண்டும் என்பதே அறிவுரை. இல்லாவிட்டால் கவசத்தோடு கொரோனா நோயாளியைப் பார்த்த ஒவ்வொரு செவிலியரையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லும். பொதுமக்களுக்காகச் செய்த கருவி மருத்துவமனைக்குள் வந்ததும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. போன் ஆப் பேச்சை நான் அத்தோடு முடித்துவிட்டேன். ஐ.சி.யு.வில் போனை வெளியே வைக்கச் சொல்வதும் நாங்கள்தான்.

பேட்ஜில் வரும் புளூடூத் கதை கொஞ்சம் வேறு. எல்லோரிடமும் ஒரே மாதிரி கருவி, ஒரே இடத்தில் தொங்குகிறது, அறைக்கு ஒரு பெறும் பெட்டி. ஊகம் சற்று மேம்படும். செலவும் கட்டுப்படியாகும். ஆனால் எங்கள் கட்டடத்தில் பாதித் தடுப்புகள் ஜிப்சம் பலகை. அலை அதைக் கண்டுகொள்வதே இல்லை. சோதனையின் முதல் நாளே ஸ்டோர் ரூமில் இருந்தவரைத் தனிமை அறையில் காட்டியது. பெட்டியை வேறு சுவருக்கு மாற்றி, வலுவைக் குறைத்து, இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகு பெரும்பாலும் சரியாயிற்று. "பெரும்பாலும்" என்பதை அடிக்கோடிட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அல்ட்ரா வைட்பேண்ட் என்று ஒன்றும் காட்டினார்கள். அது வலுவை ஊகிக்காமல், அலை போய்வரும் நேரத்தை அளக்கும். ஒரு நானோ நொடியில் அலை 30 சென்டிமீட்டர் போகிறது. அதை எண்ணும் கடிகாரம் உள்ளே இருக்கிறது. ஜாண் கணக்கில் இடம் சொல்லும். அழகான கருவி. கூரையெல்லாம் பெட்டி மாட்டி, ஒன்றுக்கொன்று கடிகாரத்தை ஒத்துவைக்க வேண்டும். அறை தெரிந்தால் போதும் என்கிற எனக்கு எந்தத் தரை ஓட்டின் மேல் நிற்கிறார் என்ற துல்லியம் எதற்கு? அறுவை அரங்கில் கருவிகளைத் தேடவேண்டிய பெரிய இடங்கள் வாங்கட்டும்.

பேட்ஜ் இல்லாதவர்கள்

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம். கழுத்தில் யாருக்குத் தொங்குகிறதோ அவரை மட்டும்தான் பார்க்கும்.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வந்தது. முதல் நோயாளி பேராம்பரா தாலுகா மருத்துவமனையில் இருந்தவர்; அங்கே அவரைக் கவனித்த செவிலியர் லினி அதே மாதம் 21-ம் தேதி இறந்துபோனார். அந்த நோயாளியை 5-ம் தேதி கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த வராந்தாவில் அன்று இருந்தவர்களில் பலருக்கு நோய் தொற்றியது. அவர்கள் வேறு நோயாளிகள், அவர்களோடு வந்தவர்கள். அவருக்குச் சொந்தமும் இல்லை, அவரைக் கவனித்தவர்களும் இல்லை. இது நிபா என்று தெரியவந்தபோது இரண்டு வாரம் ஓடிவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு இரவு ஒரு வராந்தாவில் யார் யார் நின்றார்கள்? 2,600-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்பில் வந்தவர்கள் என்று பட்டியலிட்டுக் கண்காணித்தார்கள், பெரும்பாலும் வாயால் கேட்டு, கால்நடையாய்ப் போய். 2023 செப்டம்பரில் அதே மாவட்டத்தில் நிபா மறுபடி வந்தபோது மருத்துவமனைகளின் சிசிடிவி பதிவுகளையும் போட்டுப் பார்த்தார்கள்.

அந்த வராந்தாவில் உலகத்தின் விலையுயர்ந்த பேட்ஜ் முறை இருந்திருந்தாலும் ஸ்கேன் டெக்னீஷியனையும் வார்டு பாயையும்தான் காட்டியிருக்கும். நம் ஊர் மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு ஒருவராவது கூட இருக்கிறார். பகலில் மூன்று பேர். சாப்பாடு கொண்டுவருகிற மைத்துனர், ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுக்கும் அம்மா. மேல்நாட்டில் செவிலியர் செய்யும் பாதி வேலையை இங்கே இவர்கள்தான் செய்கிறார்கள். சிங்கப்பூர்க் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே 72 சதவீதம் கிடைக்கும் என்று சொல்கிறவரிடம் விசிட்டிங் நேரத்தில் ஒருமுறை வந்துபோகச் சொல்லுங்கள்.

கேமரா எல்லோரையும் பார்க்கும், ஆனால் யாரையும் தெரியாது. முகத்தை அடையாளம் சொல்ல வார்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரு மணி நேரப் பதிவைப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வார்டுக்குள் கேமரா வைக்கவும் கூடாது. உடை மாற்றுவதும் பால் கொடுப்பதும் அங்கேதான். ஆக, வராந்தாவுக்கும் வாசலுக்கும் கேமரா, உள்ளே வேறு ஏதாவது.

நான் எழுதிக் கொடுத்தது

கட்டடம் முழுக்க எதுவும் வேண்டாம். அவசரப் பிரிவு, குழந்தைகள் வார்டு, டயாலிசிஸ், தனிமை அறைகள் ஆகிய நான்கு இடத்தில் மட்டும், அறையைச் சொல்லும் புளூடூத் பேட்ஜ். அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களுக்கு முதலில். கூட இருப்பவருக்கு இப்போது கொடுக்கும் அட்டைப் பாஸுக்குப் பதில் அதே பேட்ஜ். கைக்குழந்தை இருந்தால் பாஸ் எழுதும்போதே வயதோடு ஒரு வரி. நோட்டு தொடரும். இரண்டு லிஸ்டையும் சேர்த்து, அதன் பிறகு ஆட்களைக் கேட்டு வடிகட்டுவது. தேவையில்லாமல் நாலு பேரைக் கேட்பதில் எனக்குக் கவலை இல்லை, ஒரு எட்டு மாதக் குழந்தையை விட்டுவிடுவதுதான் கவலை.

அகச்சிவப்பு தனிமை அறைக்கு மட்டும் வேண்டும் என்று டாக்டர் ஒருவர் சொன்னார். அவருடைய வாதம் தவறில்லை. ஏப்ரன் பிரச்சினைக்கு வழி சொன்னால் நானும் சம்மதம்.

பணத்தை நியாயப்படுத்த வேறு வேலையையும் சேர்த்துக்கொண்டேன். தட்டம்மை மாதாமாதம் வருவதில்லை. ஆனால் இன்ஃப்யூஷன் பம்பும் சக்கர நாற்காலியும் தினமும் காணாமல் போகின்றன. அதே பெட்டிகள் அவற்றையும் தேடித் தரும். நிர்வாகம் தலையாட்டியது அந்தப் பத்தியைப் படித்தபோதுதான்.

ஊழியர்கள் பக்கம் அவ்வளவு சுலபமாக இல்லை. "பாத்ரூமுக்கு எத்தனை தரம் போறோம்னு பாப்பீங்களா சிஸ்டர்?" என்று முதல் கேள்வியே வந்தது. நியாயமான கேள்வி. சிங்கப்பூர் அரசின் கொரோனா தொடர்பறியும் ஆப்பான டிரேஸ்டுகெதர் சேர்க்கும் தகவல் நோய்க் கண்காணிப்புக்கு மட்டுமே என்று சொல்லியிருந்தார்கள். 2021 ஜனவரியில் போலீசும் வாங்கலாம் என்று நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. அதற்குப் பிறகு கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் கொண்டுவந்து கட்டுப்படுத்தினார்கள். ஒரு நாட்டுக்கே அப்படியென்றால் எங்கள் நிர்வாகம் எம்மாத்திரம். அதனால் எழுத்தில் கேட்டிருக்கிறேன்: தகவலைத் திறக்கும் சாவி தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் மட்டும். வருகைப் பதிவுக்கும் சம்பளத்துக்கும் தொடக்கூடாது. 30 நாளில் அழிந்துவிட வேண்டும். தட்டம்மைக்கும் சின்னம்மைக்கும் நிபாவுக்கும் 21 நாள் கண்காணித்தால் போதும். காசநோய்க்கு இது போதாது, அதற்கு நோட்டுதான். கழிவறை, ஓய்வறைப் பக்கம் பெட்டி கிடையாது. ஓய்வறையை விட்டதில் லியோன் ஆய்வின் 38 சதவீதத்தில் ஒரு பங்கை நானே விட்டுக்கொடுக்கிறேன் என்று தெரியும். பேட்ஜைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டால் மொத்தமும் போய்விடும், அதைவிட இது தேவலை.

ஒரு வாரச் சோதனையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் திரையில் ஒரு பேட்ஜ் நாலாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்பது மணி நேரம் அசையாமல் நின்றது. அவ்வளவு பொறுப்பான சிஸ்டர் யார் என்று போய்ப் பார்த்தேன். டிரிப் ஸ்டாண்டின் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. குனியும்போதெல்லாம் குழந்தையின் நெற்றியில் இடிக்கிறது என்று கழற்றி மாட்டியவர், மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது கயிறு வேண்டாம், பாக்கெட்டில் குத்தும் கிளிப் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். உள்ளே இருக்கும் 2032 பட்டன் பேட்டரியைக் குழந்தை எடுத்து விழுங்க முடியாதபடி திருகாணி போட்ட மூடியும். குழந்தைகள் வார்டில் கொடுக்கும் பொருள், அதை நாங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கொள்முதல் கமிட்டி அடுத்த மாதம் கூடுகிறது. அதற்குள் எக்ஸ்ரே வராந்தா கேமராவின் கடிகாரத்தைச் சரிசெய்யச் சொல்லி மெயின்டனன்ஸுக்கு எழுதியிருக்கிறேன். அது பதினேழு நிமிடம் முன்னால் ஓடுகிறது.